உள்ளங்காலைப் பார்த்தாயா?

விழுப்புரம்
22-5-1961

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வெங்கடாசலம் எழுதுவது. இங்கே நானும் அம்சவள்ளியும் நல்லபடி இருக்கிறோம். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது. இப்போது கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்புமாக ஒரு பிடி பிடிக்கிறாள். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமா காலில் ஏதோ ஆணி ஏறியதாக எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா?

அக்கா, வெள்ளிக்கிழமை நம் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி. இரண்டு தடவை கலைந்துபோனதே, இந்தத் தடவையாவது பிள்ளை தங்கினால் நெருப்பில் இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். காப்புக் கட்டிக்கொண்டு, மண்டிக்கும் லீவு சொல்லிவிட்டு, பாரதம் படிக்கிற பந்தலிலேயே கிடந்தேன்.

சொன்னால் நம்பமாட்டாய். சுடவே இல்லை! எனக்கு முன்னால் போன வேங்கடேசன் தவளை மாதிரி தத்திக்கொண்டு ஓடினான். நான் மெதுவாக நடந்தேன். நடுவில் நின்று கையைத் தூக்கிக் கும்பிட்டேன். ஈர மணலில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஜனங்கள் போட்ட சத்தம் ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும். நெருப்பைத் தாண்டிப் பாற்குழியில் கால் வைத்ததும் தர்மகர்த்தா விருத்தாசலம் என்னைக் கட்டிக்கொண்டு, “டேய், அம்மா உன் கால்ல வந்து குந்திக்கினாடா! அடுத்த வருஷம் கரகம் உனக்குத்தான்” என்றார். பெண்கள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பிள்ளை நிச்சயம் தங்கும் அக்கா. இதைவிட வேறு என்ன உத்தரவு வேண்டும்?

விரதத்தில் உடம்புதான் இளைத்துவிட்டது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. குடிப்பதும் கொல்லைக்கு ஓடுவதுமாக இருக்கிறேன். வெயில்காலம், சரியாகிவிடும். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
வெங்கடாசலம்

❖

திண்டிவனம்
27-5-1961

தம்பி வெங்கடாசலத்துக்கு அக்கா பாஞ்சாலியின் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. அம்சவள்ளி நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று படித்து வயிறு குளிர்ந்தது. குடம் தூக்க விடாதே. இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம்.

உன் மாமாவைப் பற்றி அன்றைக்கு முழுசாக எழுதவில்லை. கடையில் சைக்கிள் ரிப்பேர் பண்ணுகிறவருக்குக் காலில் ஆணி ஏறுவது அதிசயமா? அதிசயம் என்னவென்றால், ஏறினது அவருக்கே தெரியவில்லை. செருப்போடு சேர்த்துக் குத்திக்கொண்டு நாளெல்லாம் நடந்திருக்கிறார். ரத்தத்தைப் பார்த்து நான்தான் கூச்சல் போட்டேன். ஆஸ்பத்திரியில் அவர் மூத்திரத்தை நீல மருந்தில் கலந்து சூடு பண்ணினார்கள். அது செங்கல் நிறமாகிவிட்டது. சர்க்கரை வியாதியாம். டாக்டர் சொன்னார்: “சர்க்கரை, காலோட உணர்ச்சியைக் கொன்னுடும்மா. பீடி, ரத்தம் போற வழியைச் சுருக்கிடும். வலியும் தெரியாது, புண்ணும் ஆறாது. ரெண்டும் சேர்ந்தா கால் தங்காது.” அன்றைக்கே உன் மாமாவின் பீடிக்கட்டை அடுப்பில் போட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இப்போது நீ சொல்லு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை தீமிதித்தாயே, நினைவிருக்கிறதா? “ஐயோ அம்மா” என்று குதித்து, இரண்டு நாள் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருந்தாய். அன்றைக்கும் அதே அம்மன்தானே? அன்றைக்குச் சுட்டது இன்றைக்கு ஏன் சுடவில்லை? தாகம் என்கிறாய், இளைப்பு என்கிறாய், கொல்லைக்கு ஓடுகிறேன் என்கிறாய். உன் மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நம் அப்பாவும் கடைசி வருஷம் செம்பும் கையுமாகத்தான் அலைந்தார்.

உள்ளங்காலைப் பார்த்தாயா? நீ பார்த்தால் போதாது. காலைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து அம்சவள்ளியைப் பார்க்கச் சொல். பீடியை விட்டாயா? இரண்டுக்கும் பதில் எழுது.

அன்புள்ள அக்கா,
பாஞ்சாலி

❖

விழுப்புரம்
15-6-1961

அக்காவுக்கு வெங்கடாசலம் வணக்கம். இங்கே சுகம். மாமாவுக்கு இப்படி என்று படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

ஆனால் மாமாவின் ஆணியையும் அம்மன் நெருப்பையும் ஒன்றாக்கி எழுதுகிறாயே, இது உனக்கே நன்றாக இருக்கிறதா? பாஞ்சாலி என்று அவள் பெயரையே வைத்துக்கொண்டு நீ அவளைச் சோதிக்கலாமா? பிள்ளை நல்லபடி பிறக்கிற வரைக்கும் இப்படியெல்லாம் பேசாதே, எழுதாதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

கால் நன்றாக இருக்கிறது. பார்த்தாயிற்று. மண்டியில் மல்லாட்டை வரத்து அதிகம், தராசை விட்டு நகர முடியவில்லை. தரையெல்லாம் கடலைத்தொலியும் கல்லுமாகக் கிடப்பதால் ஒரு கான்வாஸ் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டேன். அம்சவள்ளி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

தம்பி,
வெங்கடாசலம்

❖

திண்டிவனம்
19-6-1961

தம்பிக்கு ஆசீர்வாதம். மாமா கொஞ்சம் தேவலை. அம்சவள்ளி உடம்பு எப்படி?

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. பிறந்ததிலிருந்து நீ செருப்பே ஒழுங்காகப் போட்டதில்லை. இந்த வேகிற வெயிலில் ஷூ எதற்கு? யார் பார்த்தது உன் காலை? பீடியைப் பற்றி ஒரு வரி கூட ஏன் எழுதவில்லை?

அடுத்த தபாலிலேயே பதில் போடு.

பாஞ்சாலி

❖

திண்டிவனம்
1-8-1961

தம்பிக்கு. நீ சுகமா, வீட்டில் சுகமா என்று கேட்டு இது மூன்றாவது கார்டு. உனக்கு என்மேல் கோபமென்றால் திட்டியாவது எழுது. வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவர் நம் வீட்டைத் தாண்டிப் போனால் இன்னும் அதிகமாக அடித்துக்கொள்கிறது.

பாஞ்சாலி

❖

விழுப்புரம்
17-8-1961

அண்ணி அவர்களுக்கு அம்சவள்ளி நமஸ்காரம். நான் நன்றாக இருக்கிறேன், வயிற்றில் பிள்ளையும் நன்றாக உதைக்கிறது. அண்ணன் உடம்பு எப்படி? ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிற எழுத்து, பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. என் வயிற்றின்மேல் கையை வைத்து, யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். எழுதினாலும் பயம், எழுதாவிட்டாலும் பயம்.

தீமிதி முடிந்து நாலைந்து நாளில் நான் வீடு மெழுகிக்கொண்டிருந்தேன். இவர் நடந்து வந்த இடமெல்லாம் ஒரு பக்கத்துக் கால் மட்டும் ஈரமாகப் பதிந்திருந்தது. கிணற்றடியிலிருந்து வருகிறார் என்று நினைத்துத் துடைத்தேன். துணியில் சீழ். இடது காலின் அடியில் தோல் உரிந்து குழியாகக் கிடந்தது. “இன்னாங்க இது, வலிக்கலியா?” என்று கேட்டேன். அப்போதுதான் இவரே குனிந்து பார்த்தார். பார்த்ததும் முகம் செத்துப்போய்விட்டது.

அண்ணி, காப்புக் கட்டியிருந்த நாளில் இவர் பீடி பிடித்திருக்கிறார். பந்தலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, இரண்டு தடவை. விரதம் கெட்டவனைத்தான் நெருப்புச் சுடும் என்று நம் ஊரில் சொல்வார்களே. “ஊரே என் காலைத் தொட்டுக் கும்பிட்டுச்சிடி. இப்ப புண்ணு வந்துச்சின்னா இன்னா அர்த்தம்? அம்மாவுக்குத் தெரிஞ்சிபோச்சி. வெளிய சொன்னா அவ கோபம் பிள்ளை மேல திரும்பிடும். என்னை இன்னா வேணா பண்ணிக்கினு போவட்டும், பிள்ளையை வுட்டுடணும்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டி, மேலே ஷூவை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போகிறார்.

இப்போது சுண்டுவிரல் கறுத்துவிட்டது. வீட்டில் சாம்பிராணி போட்டாலும் நாற்றம் போகவில்லை. கால் வலி இல்லையாம், ஆனால் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதாம். மண்டியிலிருந்து வருவதற்குள் அங்கங்கே உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஒரு பீடி. பயத்தில் முன்னைவிட அதிகமாகப் பிடிக்கிறார். அவர் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது.

எனக்கு யாரிடம் போவதென்று தெரியவில்லை அண்ணி. என்னைக் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அம்சவள்ளி

❖

திண்டிவனம்
18-8-1961

தம்பி வெங்கடாசலத்துக்கு,

எல்லாம் தெரியும். அம்சவள்ளியை ஒரு வார்த்தை சொன்னாயோ, நான் அங்கே வந்து ஊரைக் கூட்டுவேன். அவள் சத்தியம் என் தலையில் இருக்கட்டும்.

பீடி பிடித்தாய், அவ்வளவுதானே? அதற்காக அம்மன் ஒரு வயிற்றுப்பிள்ளையைக் காவு வாங்குவாளா? அவள் அப்படி ஆள் பார்த்துத் தண்டிக்கிறவளாக இருந்தால் உங்கள் மண்டியில் எடை குறைக்கிற அத்தனை பேரும் இந்நேரம் நொண்டிக்கொண்டு திரியவேண்டும். அட மடையா, உன்னைச் சுட்டது நெருப்பு. சுட்டதைச் சொல்லாமல் மறைத்தது உன் கால். ஆறவிடாமல் வைத்திருப்பது உன் பீடி. இதில் அம்மனுக்கு என்ன வேலை?

நான் சொல்வதை நம்பவேண்டாம். ஆஸ்பத்திரியில் உன் மாமாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொட்டார்கள், எந்த விரல் என்று கேட்டார்கள். நீயும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார். அம்சவள்ளி ஒரு கோழி இறகால் தொடட்டும். முதலில் கையில், பிறகு காலில். புண் இல்லாத வலது காலிலும் தொடச் சொல். நீ தீமிதிக்கு முன்பும் பின்பும் அந்த வலது காலால் என்ன பாவம் செய்தாய் என்று பார்ப்போம்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நடந்து எங்கேயும் போகாதே.

பாஞ்சாலி

❖

விழுப்புரம்
19-8-1961

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. நீ திங்கட்கிழமை வந்துவிடுவாய், இது உனக்கு அதற்குப் பிறகுதான் போய்ச் சேரும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்னபடி செய்தோம். கோழிக்கூண்டில் கிடந்த இறகை எடுத்து வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கையில் தொட்டாள், சொன்னேன். கழுத்தில் தொட்டாள், கூசியது, சிரித்தேன். அப்புறம் வலது காலுக்குப் போகிறேன் என்றாள். காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. “இன்னாடி சும்மா குந்திக்கினு கீற, தொடு” என்றேன். மறுபடியும், “ஜல்தி தொடுடி, மண்டிக்கு நேரமாவுது” என்றேன். அழுகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அவள் இறகை விரல் இடுக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “அப்பலேர்ந்து தொட்டுக்கினுதான் கீறேன்” என்றாள்.

என் கால் அக்கா. என் கண்ணெதிரே அவள் தொடுகிறாள், யார் காலையோ தொடுகிற மாதிரி இருக்கிறது. நல்ல கால் என்று நினைத்திருந்த கால்.

ஊர் முழுக்க என்னைப் பார்த்துக் கும்பிடும்போது நான் அம்மன் என்னோடு இருக்கிறாள் என்று நினைத்தேன். புண் வந்தபோது அம்மனுக்குக் கோபம் என்று நினைத்தேன். கோபமென்றால் கும்பிட்டுச் சமாதானம் செய்யலாம். இதற்கு யாரைக் கும்பிடுவது? எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் வந்துவிடு.

வெங்கடாசலம்

❖

திண்டிவனம்
14-9-1961

அம்சவள்ளிக்கு அண்ணியின் ஆசீர்வாதம். உன் அம்மா வந்து உன்னோடு இருப்பதால் எனக்கு நிம்மதி. நாள் நெருங்கிவிட்டது, தனியாகக் கொல்லைக்குக்கூடப் போகாதே.

இங்கே ஆஸ்பத்திரியில் இவனுக்குத் தினம் பெனிசிலின் ஊசி போடுகிறார்கள். சர்க்கரைக்கும் ஊசி உண்டு. தாகம் அடங்கிவிட்டது. கோதுமைக் கஞ்சியும் மோரும் கொடுக்கிறேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறான். நேற்றுப் பார்க்க வந்த மண்டி ஆள் ஒருவன் தலையணைக்கடியில் பீடிக்கட்டை வைத்துவிட்டுப் போனான். நான் வாசல் வரைக்கும் துரத்திக்கொண்டு போய் அவன் சட்டைப்பையிலேயே திணித்துவிட்டு வந்தேன். நர்ஸம்மா இருதயமேரி சிரித்தாள். உன் புருஷன் சிரிக்கவில்லை. இன்னும் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருக்கவேண்டுமாம். நீ எதையும் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

பாஞ்சாலி

❖

விழுப்புரம்
2-10-1961

அண்ணிக்கு நமஸ்காரம். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு குறையுமில்லை, நல்ல குரல். பொன்னி என்று பெயர் வைக்கலாமா என்று அவரைக் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடியும் மறுபடியும் படித்துவிட்டேன். ஊசி, கஞ்சி, மோர், பீடி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். காலைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. நான் பிள்ளையைப் பெற்றுவிட்டேன். இனி என்னிடம் சொல்லலாம். கால் இருக்கிறதா?

அம்சவள்ளி

❖

திண்டிவனம்
5-10-1961

கண்ணே அம்சவள்ளி, நீயும் குழந்தையும் நூறு வருஷம் இருக்கவேண்டும். பொன்னி என்ற பெயரைச் சொன்னதும் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதான். சரி என்றான்.

கால் இல்லை. போன மாதம் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். கறுப்பு நிற்காமல் மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். கையெழுத்து நான்தான் போட்டேன். உன்னைக் கேட்காமல் போட்டேன், பொறுத்துக்கொள். பீடி பிடிக்காத ரத்தக்குழாயாக இருந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார். அதை அவனிடம் சொல்லவில்லை, தானாகவே தெரிந்துகொண்டான்.

அவனுக்கு உயிர் இருக்கிறது, பேசுகிறான். இன்னொரு காலைத் தினம் நான் தூக்கி வைத்துப் பார்க்கிறேன். ஊருக்கு வந்தபிறகு நீ பார்க்கவேண்டும். ஒரு நாளும் விடக்கூடாது. அழுதுவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடு.

அண்ணி

❖

விழுப்புரம்
10-6-1962

அன்புள்ள அக்காவுக்கு வெங்கடாசலம் எழுதுவது. பொன்னி குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது என் ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். அம்சவள்ளி தினமும் விளக்கு வைக்கும் முன் என் வலது காலைத் தன் மடியில் வைத்துப் பார்க்கிறாள். பீடியைத் தொடவில்லை. நம்பாவிட்டால் அவளைக் கேள். மண்டியில் உட்கார்ந்து துண்டுச்சீட்டு எழுதுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மாமாவின் கால் சுகம்தானே?

முந்தாநாள் தீமிதி. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன், தர்மகர்த்தா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? “காலையே காணிக்கையாக் குடுத்தவன்” என்று. பெண்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து என் கையால் திருநீறு பூசச் சொல்கிறார்கள். காணிக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை, சர்க்கரையும் பீடியும் சேர்ந்து தின்றுவிட்டது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அடக்கமாகப் பேசுகிறான் என்கிறார்கள்.

அம்மனைக் கும்பிட்டேன் அக்கா. அவளோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பிள்ளையைக் கொடுத்தாள்.

குழியைத் தாண்டி வந்தவர்கள் ஒவ்வொருவரையும், “சுட்டுச்சா?” என்று கேட்டேன். “சுடாம பின்ன? இன்னாண்ணே கேள்வி இது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் அப்படிச் சொல்லச்சொல்ல எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மூட்டை தூக்குகிற மாரியப்பன் வந்தான். என்னைவிட இளையவன். போன மாசத்திலிருந்து மண்டிப் பானைத் தண்ணீரை அவன்தான் காலி பண்ணுகிறான். நெருப்பின் நடுவில் நின்று சூடத்தட்டை வாங்கிச் சுற்றிவிட்டு வந்தான். கூட்டம் கத்தியது. “சுட்டுச்சாடா?” என்று கேட்டேன். “ஒரு பொட்டு சூடு தெரியலண்ணே!” என்று சொல்லிக்கொண்டே காதில் செருகியிருந்த பீடியை எடுத்தான்.

காலைக் காட்டு என்றேன். சிரித்தான். கட்டையை ஊன்றி எழுந்து அவன் கையைப் பிடித்தேன். “வுடுண்ணே. அடுத்த வருஷம் கரகம் எனக்குன்னு சொல்லிட்டாங்கோ. உனக்குப் பொறாமை” என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. போன வருஷம் நான் நெருப்பில் நின்றதைப் பெருமையாக எழுதினேனே, அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன், உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னான். இன்றைக்கு மண்டிக்கு வந்தான். காலில் புது ஷூ.

அக்கா, நீ வா. எனக்கு உன்னைப் போலத் திட்ட வராது. அவனுக்குக் கால் இரண்டும் இன்னும் இருக்கிறது.

உன் தம்பி,
வெங்கடாசலம்